தலைக்கு மேல் பறப்பதைத் தரையிலும் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன் நான். கடந்த மாதம், எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் படிக்கும் மாணவ மாணவியர் 22 பேரை, முன்னாள் மாணவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில், பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) என்ற விமானத் தயாரிப்பு நிறுவனம் நடத்திவரும் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு ஆசிரியர்கள் மூவரும் நானும் அழைத்துச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும், திரும்பி வரும் வழியிலேயே மனத்தில் உறுதிப்பட்டுவிட்ட ஒரு கோரிக்கையையும் தங்கள் நாளிதழ் வழியாகக் காவிரிப் படுகை மக்கள் முன்பும் அரசின் முன்பும் வைக்க விரும்புகிறேன். தஞ்சாவூரை நடுவாகக் கொண்ட நம் மாவட்டங்களுக்கென்று, இயந்திரங்களைத் திறந்து காட்டித் தமிழில் விளக்கும் ஒரு விமான, விண்வெளி அருங்காட்சியகம் வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை.

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குப் போர் விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. 2013ஆம் ஆண்டு மே மாதம் இங்கே விமானப்படை நிலையம் முறைப்படி தொடங்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222ஆம் படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. வயலில் குனிந்து நாற்று நடுபவர்கள் சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் விமானம் வெகுதொலைவு போயிருக்கும். என் பணியின் கடைசி ஆண்டுகளில், வகுப்பின் நடுவே அந்த முழக்கம் வரும்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டு அது அடங்கும் வரை காத்திருப்பேன். சத்தம் வரும் திசையில் தேடினால் விமானம் ஏன் அங்கே இருப்பதில்லை என்று கேட்கும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது இருந்தார். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் கடக்கிறது, அது நம் காதை எட்டுவதற்குள் விமானம் முன்னே சென்றுவிடுகிறது என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். ஆனால், நாள்தோறும் இந்த முழக்கத்தைக் கேட்டு வளரும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு விமானத்தைப் பத்தடி தொலைவில் நின்று பார்த்ததில்லை என்பது என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மயிலாடுதுறை வழியாக மைசூர் செல்லும் விரைவு வண்டியில் கும்பகோணத்தில் மாலையில் ஏறி, விடியற்காலையில் பெங்களூரில் இறங்கினோம். 22 பேரில் 17 பேருக்கு அதுவே முதல் இரவு ரயில் பயணம்.

எச்.ஏ.எல். நிறுவனத்தின் வரலாறு 1940ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்குகிறது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலை அது. அருங்காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு கூடத்தில் அந்நிறுவனத்தின் கதை படங்களாக விரிகிறது. 1951இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம், வி.எம். காட்கே தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் அறிந்துகொண்டார்கள். வெளியே திறந்தவெளியில் பழைய விமானங்கள் நிற்கின்றன. அவற்றுள் மாருத் என்ற போர் விமானத்தின் முன்னால்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். காற்றைக் குறிக்கும் மாருதம் என்ற சொல்லை அறிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியிருக்கவில்லை. கர்ட் டேங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் தலைமையில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த விமானம், ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தை எண்ணி வரையப்பட்டது. அதற்கேற்ற ஆற்றலுள்ள இன்ஜின் கடைசிவரை கிடைக்காததால், கையில் இருந்த ஆர்ஃபியஸ் இன்ஜின்களைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். எண்ணிய வேகத்தை அது எட்டவே இல்லை. என்றாலும் மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன; அவற்றுள் சில 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பணியாற்றின. வண்டி ஆயத்தமாக இருந்தும் அதற்கேற்ற மாடு கிடைக்காமல் போன கதை என்று நான் சொன்னதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிகளை மட்டும் மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களுக்கு, ஒரு முயற்சி எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதை அந்த இயந்திரத்தின் அருகிலேயே நின்று கேட்பது பாடநூல் தராத படிப்பு.

இதே நிறுவனம், வயலுக்கு மருந்து தெளிப்பதற்கென்றே பசந்த் என்ற விமானத்தைக் கட்டி 1972இல் பறக்கவிட்டது என்று நான் சொன்னபோது பிள்ளைகள் பெரிதாக வியக்கவில்லை. நெல்வயலுக்கு மேல் ட்ரோன் மருந்து தெளிப்பதை அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கிறார்கள். ‘அது ஆள் ஏறுற ட்ரோன், அவ்வளவுதானே சார்’ என்று ஒருவன் சொன்னான்.

அன்று எங்களுக்கு மிகுதியான பயன் தந்தது இன்ஜின் கூடம். உள்ளுறுப்புகள் தெரியும்படி வெட்டித் திறந்து வைக்கப்பட்டிருக்கும் இன்ஜின்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நான் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த வீட்டில் பிறந்தவன். அதை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஆயில் இன்ஜினில் ஒரே உருளைக்குள் நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன: காற்றை இழுப்பது, அதை அழுத்துவது, எண்ணெயை எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது. ஜெட் இன்ஜினிலும் இதே நான்கு வேலைகள்தாம். ஆனால் அவை முன்னிருந்து பின்னாக வரிசையாக அமைந்த தனித்தனி இடங்களில், ஒரே நேரத்தில், இடைவிடாமல் நடக்கின்றன. எரிந்து விரிந்த காற்று பின்வழியாகப் பாய்ந்து வெளியேறும்போது வழியில் இருக்கும் டர்பைன் என்னும் சுழலிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம், தன்னோடு ஒரே தண்டில் இணைந்து முன்பக்கம் இருக்கும் விசிறிகளைச் சுழற்றி, மேலும் காற்றை உள்ளே இழுத்து அழுத்துகிறது. அதாவது, வெளியேறும் காற்றே அடுத்து வரும் காற்றுக்கு வழி செய்கிறது. பத்து முறை கரும்பலகையில் வரைந்தாலும் விளங்காத இந்தச் சுற்று, வெட்டித் திறந்த இன்ஜினின் பக்கத்தில் நின்று விரலால் வழிகாட்டியதும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘இதை வச்சுத் தண்ணி இறைக்க முடியாதா சார்?’ என்று கேட்டாள். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே ஆகச் சிறந்தது. வெளியேறும் காற்றின் விசையைக் கொண்டு விமானத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக ஒரு தண்டைச் சுழற்றச் செய்தால், அந்தத் தண்டில் பம்பையும் மாட்டலாம், மின்னாக்கியையும் மாட்டலாம். நம் மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் தயாரிப்பதற்காகத் திருவாரூர் மாவட்டத்தில் கோவில்களப்பாலிலும், மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் பக்கத்திலும் மின்வாரியம் கட்டிய எரிவாயுச் சுழலி மின்நிலையங்கள் அந்த அடிப்படையிலேயே இயங்குபவை. ஜெட் இன்ஜினின் உடன்பிறப்பு ஒன்று மன்னார்குடியிலிருந்து சிறிது தொலைவிலேயே இருக்கும்போது, அதன் உள்ளமைப்பைப் பார்ப்பதற்கு நம் பிள்ளைகள் ஓர் இரவு முழுவதும் ரயிலில் போக வேண்டியிருக்கிறது.

விண்வெளிப் பகுதியில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மாதிரியைக் கண்டதும், உண்மையான ராக்கெட் எவ்வளவு உயரம் என்ற கேள்வி எழுந்தது. 44 மீட்டர் என்றேன்; முகங்களில் எந்த மாற்றமும் இல்லை. 144 அடி, அதாவது 216 அடி உயரமுள்ள நம் பெரிய கோயில் விமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றதும் எல்லாருடைய பார்வையும் மேலே போனது. கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தையும் பறக்கும் ஊர்தியையும் விமானம் என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை. விளக்கம் என்பது சொந்த மொழியில், சொந்த ஊரின் அளவுகளில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அங்குள்ள விளக்கப் பலகைகளில் தமிழ் இல்லை. கர்நாடகத்தில் உள்ள ஓர் இடத்தில் தமிழை எதிர்பார்ப்பது நியாயமும் ஆகாது; அந்தக் கடமை நம்முடையது.

விண்வெளி என்பது நமக்கு அப்பாற்பட்ட, வேறு யாருக்கோ உரிய துறை என்ற எண்ணம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. காவிரிப் படுகையைப்போல் செயற்கைக்கோளைச் சார்ந்து வாழும் நிலப்பகுதிகள் நாட்டில் சிலவே என்பது என் கருத்து. 1977 நவம்பரில் நாகப்பட்டினம் அருகே புயல் கரையைக் கடந்தபோது எனக்கு 14 வயது. எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு ரேடியோ பெட்டி. வானிலையைப் பார்ப்பதற்கு நமக்கென்று ஒரு செயற்கைக்கோள் அன்று இருக்கவில்லை. கூரை பெயர்ந்த அந்த இரவில், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருமில்லை. 1983 ஆகஸ்ட் 30 அன்று புறப்பட்ட அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து இன்சாட்-1பி செயற்கைக்கோள் செலுத்தப்பட்ட பிறகுதான், மேகக் கூட்டத்தை மேலிருந்து தொடர்ந்து பார்க்கும் கண் நமக்குக் கிடைத்தது. 2016 செப்டம்பர் 8 அன்று, நாமே உருவாக்கிய கிரையோஜெனிக் இன்ஜின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்குவது) பொருத்திய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட், இன்சாட்-3டிஆர் என்ற வானிலைச் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிச் சென்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, பல்லாயிரம் பேர் முன்னதாகவே முகாம்களுக்குச் சென்றிருந்தார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளை யாராலும் காப்பாற்ற முடியவில்லை; உயிரிழப்பும் நேர்ந்தது. ஆனால் முன்னெச்சரிக்கை இல்லாமல் அந்த இரவு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 1977ஐக் கண்டவர்கள் அறிவார்கள்.

சம்பாப் பயிருக்கும் இதில் பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். சாதாரணக் கேமரா பொருத்திய செயற்கைக்கோளுக்கு அப்போது மேகம் மட்டுமே தெரியும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியோடு 2012 ஏப்ரல் 26 அன்று ரிசாட்-1 என்ற செயற்கைக்கோள் செலுத்தப்பட்டது. அந்தப் பணியைத் தொடர்வதற்காக இ.ஓ.எஸ்.-04 என்ற செயற்கைக்கோள் 2022 பிப்ரவரி 14 அன்று செலுத்தப்பட்டது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் விழும் ரேடார் அலை, கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறித்துவிடுவதால் அந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். நடவு முடிந்து பயிர் வளர வளர, தாள்களில் பட்டு அலை திரும்புவதால் அதே வயல் வெளுத்துக்கொண்டே வரும். எத்தனை ஏக்கரில் நடவு நடந்திருக்கிறது, எங்கே பயிர் மூழ்கிக் கிடக்கிறது என்பதை இந்த நிற மாற்றத்திலிருந்து கணிக்க முடியும். பயிர்க் காப்பீட்டுக்காக ஆண்டுதோறும் அலுவலகங்களுக்கு அலையும் ஒரு விவசாயி, தன் ஊரின் ரேடார் படத்தைச் சுவர் அளவுக்கு விரித்து வைத்திருக்கும் ஒரு கூடத்தில் நின்று, தன் வயலைத் தானே அடையாளம் காண முடிந்தால், அது அவருக்கு வெறும் வேடிக்கையாக இருக்காது. நாகை, காரைக்கால் மீனவர்களுக்கும் அப்படித்தான். கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் பார்த்துத் தரும் தகவலைக் கொண்டு, மீன் கூடும் இடங்களைப் பற்றிய அறிவிப்பு அவர்களுக்கு வருகிறது. அது எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை அவர்களுக்குக் காட்டும் இடம்தான் இல்லை.

இத்தகைய அருங்காட்சியகத்துக்கு மாளிகை தேவையில்லை. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் உள்ள விண்வெளி அருங்காட்சியகம் ஒரு பழைய தேவாலயத்தில் இயங்குகிறது. நிலக் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிச் செல்வதால், மேல் வளிமண்டலத்தை ஆராய அதுவே தக்க இடம் என்று கண்டு விக்ரம் சாராபாய் அணுகியபோது, மீனவ மக்களும் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் தங்கள் மக்தலேனா மரியாள் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. விசாகப்பட்டினத்தில், 29 ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றி 2017இல் ஓய்வு பெற்ற டி.யு.-142 விமானத்தைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி, மக்கள் உள்ளே ஏறிப் பார்க்கும்படி அதே ஆண்டின் இறுதியில் திறந்துவிட்டார்கள். நம்மிடம் இன்று இதற்கு வாய்ப்பும் இருக்கிறது. 1963 முதல் 62 ஆண்டுகள் விமானப்படையில் இருந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று முற்றிலும் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றுள் ஒன்றையும் அதன் இன்ஜினையும் தஞ்சாவூருக்குக் கேட்டுப் பெறுவது, நம் மாவட்ட நிர்வாகமும் மக்கள் பிரதிநிதிகளும் மனம் வைத்தால் நடக்கக்கூடியதே.

ஆனால் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாற்சந்தியில் ஒரு தூணின்மேல் விமானத்தை ஏற்றி வைத்துவிட்டு, அதன்கீழ் ஒரு கல்வெட்டைப் பதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. வெயிலிலும் மழையிலும் வண்ணம் உரிந்து நிற்கும் விமானத்தைக் கடந்துபோகும் பிள்ளை அதிலிருந்து எதையும் கற்பதில்லை. இறக்கையின் உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, விமானி கைப்பிடியை அசைத்தால் இறக்கையின் பின்விளிம்பில் எது அசைகிறது, எரிபொருள் எங்கே நிரப்பப்படுகிறது என்பதெல்லாம் கண்ணால் பார்க்கும்படி ஒரு பக்கத்தையேனும் திறந்து வைக்க வேண்டும். கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் அருகில் இருக்க வேண்டும். 1981இல் ஆப்பிள் என்ற செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றி வைத்திருக்கும் புகழ்பெற்ற படத்தை எங்கள் பிள்ளைகளில் பலர் முன்பே பார்த்திருந்தார்கள். லாரி வாங்கக்கூடப் பணம் இல்லாமல் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள் என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். லாரியின் இரும்பு உடல் ஆன்டெனாச் சோதனையைக் குழப்பும் என்பதால், உலோகம் குறைந்த மரவண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று விளக்கியபோது, அந்தப் படத்துக்கு அவர்கள் கொண்டிருந்த பொருளே மாறிவிட்டது. சொல்ல ஆள் இல்லாவிட்டால் படம் பொய்யைக்கூடக் கற்றுக்கொடுத்துவிடும்.

திருச்சியில் கோளரங்கம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். நானே பலமுறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். அது நல்ல பணியைச் செய்துவருகிறது. ஆனால் கோளரங்கம் காட்டுவது வானத்தை. நான் கேட்பது அந்த வானத்துக்குச் செல்லும் இயந்திரத்தை. கல்விச் சுற்றுலா போனால் போதாதா என்றும் கேட்கலாம். ஒருமுறை ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் பயணத்தை ஒப்படைத்திருந்தோம். அருங்காட்சியகத்துக்கு நாற்பது நிமிடமும், கேளிக்கைப் பூங்காவுக்கு நாள் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். மேலும், எங்கள் 22 பேருக்கு முன்னாள் மாணவர்கள் உதவினார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலோ வேதாரண்யத்திலோ உள்ள பள்ளிக்கு அப்படி உதவ ஆள் இல்லாமல் இருக்கலாம். தஞ்சாவூர் என்றால் அவர்கள் காலையில் பேருந்தில் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட முடியும்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம், பின்னர் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களே தம்மை வானூர்திப் பொறியியல் பக்கம் இழுத்தன என்றும், மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்ததுண்டு என்றும் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். பறக்கும் நிலையைக் கடந்துவிட்ட இரண்டு விமானங்கள் அந்தப் பணியைச் செய்தன. தண்ணீர் இறைக்கலாமா என்று கேட்ட எங்கள் மாணவிக்கும் அவளுடைய வயதுடைய மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்றாவது கிடைக்க வேண்டும்.

இடத்தைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. தஞ்சாவூர் நகரத்திலோ, புறவழிச்சாலையை ஒட்டியோ, பேருந்து நிற்கும் இடமாக இருந்தால் போதும். வேலை நாள்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் கூடாது. விளக்கப் பலகைகளை எழுதும்போது மாநிலப் பாடநூலில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்தினால், வகுப்பில் படித்ததும் அங்கே பார்ப்பதும் ஒன்றே என்று பிள்ளைகளுக்குத் தெரியும். விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்காது என்பது தடையாகக் கூறப்படுமானால், இம்மாவட்டங்களில் என்னைப்போல் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். என்னளவில், ஊதியம் எதுவும் இன்றி, சனி, ஞாயிறு இரு நாள்களும் பாபநாசத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.